மிளகாய்க்கு ஒரு சட்டம், நெல்லுக்கு ஒரு சட்டம்

வரலாறு படிக்கிற ஆர்ட்ஸ் பிள்ளைகளுக்கு 1930களின் பெருமந்தம் என்றால் ரூஸ்வெல்ட்தான் ஞாபகம் வருவார். விவசாயியைக் காப்பாற்றுகிறோம் என்று 1933இல் அமெரிக்க அரசாங்கம் ஏறக்குறைய ஒரு கோடி ஏக்கர் பருத்தியை உழுது மண்ணோடு மூட வைத்தது. அறுபது லட்சம் பன்றிகளை, பெரும்பாலும் குட்டிகளை, வாங்கிக் கொன்றது. பொருள் குறைந்தால் விலை ஏறும், விலை ஏறினால் விவசாயி பிழைப்பான் என்பது கணக்கு. விலை ஏறத்தான் செய்தது. ஆனா உதவிக் காசு போய்ச் சேர்ந்தது காணிக்காரன் கையில. தெற்கில் வாரத்துக்கு விதைத்த குடும்பங்கள், முக்கியமாகக் கறுப்பினக் குடும்பங்கள், நிலத்தை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம்மட நாட்டின் 1970கள்தான் நினைவுக்கு வரும். ஏனென்றால் இங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி அதேதான்: உதவி யார் கைக்குப் போனது?

1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தபோதே அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. 2022இல் நாம பார்த்த அதே வியாதி. 1973 முடிவில் எண்ணெய் விலை சில மாதங்களில் நாலு மடங்கு ஏறியது. உலகச் சந்தையில் அரிசியும் கோதுமையும் சேர்ந்து ஏறின. கூப்பன் அரிசி வெட்டப்பட்டது. பாணுக்கு விடியமுன்னமே வரிசை. சாப்பாட்டுக் கடைகளில் வாரத்தில் இரண்டு நாள் சோறு விற்கக்கூடாது என்று சட்டம். மாங்கேணியில் அம்மம்மா அந்த வருஷங்களுக்கு ஒரே ஒரு பேர்தான் வெச்சிருக்கா: மரவள்ளிக் காலம்.

இந்தக் கஷ்டத்துக்குள்ள அரசாங்கம் விவசாயத்துக்கு என்ன செய்தது? “உள்ளூர் உற்பத்தியை ஊக்குவித்தது” என்று பாடப்புத்தகப் பாணியில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம். ஆனா பயிருக்குப் பயிர் நடந்தது வேற.

முதலில் மிளகாயும் வெங்காயமும். அதுவரை செத்தல் மிளகாயும் பம்பாய் வெங்காயமும் பெரும்பாலும் வெளியில் இருந்துதான் வந்தன. டொலர் இல்லை என்றதும் அந்த இறக்குமதியை நிறுத்தினார்கள். விவசாயி மேல் வந்த பாசத்தைவிட வெறும் திறைசேரிதான் அதுக்குக் காரணம் என்பது என் எண்ணம். காரணம் எதுவானாலும், யாழ்ப்பாணத்தில் கிணறும் தண்ணி இறைக்கிற மெசினும் வைத்திருந்த சின்ன விவசாயிக்குக் கதவு திறந்தது. ஒரு ஏக்கருக்கும் குறைவான செம்மண் தோட்டத்தில் போட்ட வெங்காயம் காசாக மாறியது. கிளிநொச்சி, விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் மிளகாய்ச் செய்கை பரவியது. இதில் முக்கியமான விஷயம், விளைந்ததை யாருக்கும் விற்கலாம். கொழும்பு வியாபாரி லொறியோட வந்தால் அவனுக்கே கொடுக்கலாம்.

நெல்லுக்கு அந்தச் சுதந்திரம் கிடைக்கவில்லை. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை வந்தது. உத்தரவாத விலை புசலுக்கு 14 ரூபாயில் இருந்து 1974இல் 33 ரூபாய் வரை ஏறியது. கேட்க நல்ல விலைதான். ஆனா அதோட சேர்ந்து தனியார் நெல் வாங்குவது தடுக்கப்பட்டது. ஒரு ஆள் இரண்டு கொத்துக்கு மேல் அரிசி கொண்டு போகக்கூடாது என்றார்கள். ரோட்டில மறித்துப் பைகளைச் சோதித்தார்கள். வயலும் குளமுமாக இருக்கிற மட்டக்களப்புக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. வெளியில் கள்ள விலை ஏறிக் கிடக்க, விளைவித்தவன் சபைக்கு மட்டும் விற்க வேணும். நகரத்தில் இருக்கிற மகளுக்குச் சொந்த வயல் அரிசியில் ஒரு பை கொண்டு போனாலும் குற்றம். இதற்கும் மேல், விலை ஏற்றம் நெல் யாருடையதோ அவருக்குத்தான். போடியாரின் வயலில் கூலிக்கு நின்றவன் மற்றவர்களைப் போலவே கூப்பன் வரிசையில் நின்றான்.

விற்க ஒன்றுமே இல்லாதவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களிடம் இருந்தது நாட்கூலி மட்டும். அரிசியும் மாவும் விலை ஏற, ரேஷன் குறைய, 1973-74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இறங்கி வந்து தோட்டங்களிலும் வயல்களிலும் கூலிக்கு நின்றன. வடக்கின் மிளகாய்க் காசைப் பெருமையாகப் பேசுகிற நாம, அந்த மிளகாயைப் பிடுங்கிய கைகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன வென்று இறக்குமதியைத் திறந்துவிட்டார். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் திரும்ப வந்தன, வடக்கில் விலை விழுந்தது. ஒரு சுற்றறிக்கையில் வந்த வாழ்வு இன்னொரு சுற்றறிக்கையில் போனது. இடைப்பட்ட வருஷங்களில் களஞ்சியமோ, பதனிடும் ஆலையோ, விலை விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஒரு ஏற்பாடோ போதுமான அளவு எழும்பி இருக்கவில்லை.

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த தகவல். 1982 ஜனாதிபதித் தேர்தலில் சுதந்திரக் கட்சி சார்பாக நின்றவர் ஹெக்டர் கொப்பேகடுவ, அந்த 70களின் விவசாய அமைச்சர். தரப்படுத்தலையும் 1972 அரசியலமைப்பையும் கொண்டுவந்த அரசாங்கத்தின் அமைச்சர். அப்படிப்பட்டவருக்கு யாழ்ப்பாண மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு விழுந்தது. குமார் பொன்னம்பலம் முதலாவது, கொப்பேகடுவ இரண்டாவது, ஜே.ஆர். மூன்றாவது. 1981இல் நூலகம் எரிந்த கோபமும் அதில் உண்டுதான். ஆனா வெறும் கோபம் என்றால் அந்த வாக்கும் பொன்னம்பலத்துக்கே போயிருக்கலாமே. கணிசமான பங்கு வெங்காயமும் மிளகாயும் போட்ட வாக்கு என்றுதான் நான் வாசிக்கிறேன்.

அதே தேர்தலில் மட்டக்களப்பில் கொப்பேகடுவவுக்கு மூன்றாம் இடம். நெல் விலை 33 ரூபாய்க்கு ஏறினபோது விவசாய அமைச்சர் அவர்தான். நம்மட ஆக்களுக்கு ஞாபகம் இருந்தது அந்த விலை இல்லை, ரோட்டில அரிசிப் பையை அவிழ்க்கச் சொன்ன பொலிஸ்காரன்.