கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயில்

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில், பெரியகோயிலூர் என்னும் சிற்றூரில், ஐயாற்றின் கரையில் அமைந்துள்ள சிவன் கோயில் அறப்பளீசுவரர் கோயிலாகும். மலையோடைகள் பல கூடி உருவாகும் ஐயாறு, கோயிலைக் கடந்து சிறிது தொலைவில் ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கை அருவியாக விழுந்து, புளியஞ்சோலை வழியாகச் சமவெளியை அடைகிறது.

சம்பந்தரும் அப்பரும் தலங்களை வரிசைப்படுத்திப் பாடிய பதிகங்களில் இவ்வூர் அறப்பள்ளி, அறைப்பள்ளி என்ற பெயர்களில் இடம்பெறுகிறது; தனிப்பதிகம் கிடைக்காமல் பிற பாடல்களுக்குள் பெயர் மட்டும் வருவதால், சைவ மரபு இதனை வைப்புத்தலம் என்று வகைப்படுத்துகிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனும் கொல்லிமலைத் தலைவனுமான வல்வில் ஓரியே கோயிலைக் கட்டினான் என்பர். இது செவிவழி மரபேயன்றிக் கல்வெட்டுச் சான்றன்று. கண்டராதித்த சோழரின் தேவியான செம்பியன் மாதேவியின் கொடையைக் கூறும் கல்வெட்டு இங்கிருப்பதால், பத்தாம் நூற்றாண்டில் கோயில் சோழ அரசகுலத்தின் கவனத்தைப் பெற்றிருந்தது என்று கொள்வதே பொருத்தம்.

வானளாவிய ராஜகோபுரம் இல்லாத, அளவில் அடக்கமான கற்றளி இது. கற்றளி என்பது கல்லாலேயே எழுப்பப்பட்ட கோயிலைக் குறிக்கும். கருவறையில் சுயம்புலிங்கம் உள்ளது. உழுத கலப்பை பட்ட தழும்பு அதன் மேல் இருப்பதாகத் தலபுராணம் கூறும். அறம்வளர்த்த நாயகி சன்னதிக்கு முன்னுள்ள மண்டபத்தின் விதானத்தில், அதாவது உட்கூரையில், அட்டலட்சுமியரின் உருவங்கள் செதுக்கப்பட்டிருப்பதால், அண்ணாந்து பாராதவர் கோயிலின் சிறந்த சிற்பத்தைக் காணாமலே திரும்ப நேரும்.

ஆற்றையும் வழிபாட்டையும் இங்கே பிரிக்க இயலாது. ஆற்று மீன்களை இறைவனாகவே கருதும் அடியார்கள் முதலில் அவற்றுக்கு உணவிட்டுப் பின்னரே சன்னதிக்குச் செல்வர். அறுத்துச் சமைக்கப்பட்ட மீன் மீண்டும் பொருந்தி ஆற்றில் துள்ளியது என்ற கதையே இவ்வழக்கத்துக்கு அடிப்படை.

பதினெட்டாம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் இயற்றிய நூறு பாடல்கள் கொண்ட அறப்பளீசுர சதகம், மலையைச் சதுரகிரி என்று குறிப்பிட்டு, இவ்விறைவனை விளித்து உலகியல் நீதிகளை உரைக்கிறது. மலையேறி வராதவரிடமும் கோயிலின் பெயரைக் கொண்டு சேர்த்தது இந்நூலே எனலாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் மேலேறும் சாலை அமைந்த பின் வருவோர் தொகை பெருகியது. ஆடிப்பெருக்கே இங்கு முதன்மைத் திருவிழா. அதையொட்டி அரசின் வல்வில் ஓரி விழாவும் மலையில் நடைபெறுகிறது.