பென்ஷன்காரர் ஏரியா பார்க்கிறார் - பெங்களூர், 1809 முதல்

பெங்களூருக்குப் பட்டப்பெயர்கள் ஏராளம். தோட்ட நகரம், சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் நம் தாத்தாக்கள் காலத்தில் அந்த ஊருக்கு இன்னொரு பெயர் இருந்தது. 'பென்ஷனர்ஸ் பாரடைஸ்'. இன்று சில்க் போர்டு சிக்னலில் நாற்பது நிமிஷம் நின்றவரிடம் போய் இதைச் சொன்னால் அடிக்க வருவார் :-)

பி.காம். படிக்கிறவனுக்கு சரித்திரம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. எங்கள் பெரியப்பா அடுத்த வருஷம் ரிடையர் ஆகிறார். திருச்சியில் சொந்த வீடு. மகனுக்கு பெங்களூரில் வேலை. "அங்கேயே வந்துவிடுங்கள்" என்கிறான் அண்ணன். சரி, போகலாம், ஆனால் எந்த ஏரியா? இந்தக் கேள்வியில்தான் மூன்று மாதமாக வீட்டில் பஞ்சாயத்து. பெரியம்மாவுக்குக் கோயில் வேண்டும். அண்ணனுக்கு ஆபீஸ் பக்கத்தில் வேண்டும். பெரியப்பாவுக்கு நடக்க ஒரு பூங்கா, பக்கத்தில் ஆஸ்பத்திரி, பேச நாலு பேர். இதே கேள்வியோடு இருநூறு வருஷமாக அந்த ஊருக்கு ஆட்கள் வந்திருக்கிறார்களே, அவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். அதன் விளைவுதான் இது.

கதை கொசுவில் ஆரம்பிக்கிறது. 1799ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. அங்கே காய்ச்சல் சிப்பாய்களை வாரிக்கொண்டு போனது. 1809ல் படையை பெங்களூருக்கு மாற்றினார்கள். கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், மிதமான வெயில். கெம்பெகவுடா 1537ல் கட்டிய பழைய பேட்டையில் அவர்கள் குடியேறவில்லை. அதற்குக் கிழக்கே அல்சூர் ஏரிப் பக்கம் தனியாக ஒரு ஊரே உண்டாக்கினார்கள். அதுதான் கண்டோன்மென்ட். உள்ளூர்ப் பேச்சில் 'தண்டு'. சென்னை ராணுவத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டில் இருந்து வியாபாரிகள், ஒப்பந்தக்காரர்கள், சமையல்காரர்கள், கூலியாட்கள் எல்லாம் வந்தார்கள். அல்சூரில் இன்றும் தமிழ் கேட்பதற்கு மூலகாரணம் இதுதான்.

படையில் இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரருக்கு இரண்டு வழிகள். கப்பலேறி இங்கிலாந்து போகலாம். அல்லது இங்கேயே தங்கலாம். காமர்ஸ் மாணவனாக யோசித்தால் இரண்டாவதின் கணக்கு சுலபமாகப் புரியும். அங்கே சின்ன வீட்டில் குளிரில் நடுங்க வைக்கும் அதே பென்ஷன், இங்கே பெரிய காம்பவுண்டோடு பங்களா, தோட்டக்காரர், சமையல்காரர் என்று வாழ வைக்கும். ஊட்டிக்கும் போயிருக்கலாம்தான். ஆனால் வயதான முழங்காலுக்கு அந்தக் குளிரும் மேடு பள்ளமும் ஒத்துவராது. பெங்களூர் சமதளம். 1864ல் ஜோலார்பேட்டை வழியாக ரயிலும் வந்துவிட்டது. 1865ல் பிஷப் காட்டன் பள்ளி, 1868ல் பெங்களூர் கிளப். ஆக, தேவாலயம், கிளப், ரயில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ரிச்மண்ட் டவுன், லாங்ஃபோர்டு டவுன் என்று டவுன் டவுனாகப் பங்களாக்கள் எழுந்தன. தன்னோடு வேலை பார்த்தவன் எங்கே இருக்கிறானோ அங்கேயே தானும் இருப்பது, அவ்வளவுதான் அவர்களுடைய தேர்வு முறை.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த அத்தியாயம். 1882ல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார், பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலத்தை ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்குக் கொடுத்தார். சங்கத்தின் தலைவர் டி.எஸ்.வைட். அவர் பெயரில்தான் வைட்ஃபீல்டு. ஆமாம், இன்று ஐ.டி. கம்பெனிகள் நிற்கிற அதே வைட்ஃபீல்டு! ஆங்கிலேயரும் முழுதாகச் சேர்த்துக்கொள்ளாத, இந்தியரும் முழுதாகச் சேர்த்துக்கொள்ளாத ஒரு சமூகம், தனக்கென்று ஒரு ஊர் வேண்டும் என்று ஆசைப்பட்டது. வட்டமாகத் தெரு போட்டு, நடுவில் பொது இடம் விட்டு, சுற்றிலும் வீடுகள். விவசாயம் செய்து பிழைப்பதுதான் முதல் திட்டம். அது பெரிதாக எடுபடவில்லை. போகப்போக ரயில்வே முதலான வேலைகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் அமைதியாகக் காலம் தள்ளும் கிராமமாக அது மாறியது.

இதே ஆசையை இன்னும் பெரிதாக ஒருவர் முயன்றார். எர்னஸ்ட் திமோதி மெக்லஸ்கி. ராஞ்சிக்குப் பக்கத்தில் 1933ல் பத்தாயிரம் ஏக்கரில் மெக்லஸ்கிகஞ்ச் என்ற ஊரையே உருவாக்கினார். காடு, ஓடை, ஓட்டு வீடு என்று படத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இளைஞர்களுக்கு அங்கே வேலை கிடையாது. சுதந்திரத்துக்குப் பிறகு பிள்ளைகள் வெளிநாடு போக, பெற்றோரும் பின்னாலேயே போக, சில குடும்பங்களே மிஞ்சின. வயதானவர்களுக்கென்று மட்டும் ஒரு ஊர் கட்டினால் அது ஒரு தலைமுறைக்குத்தான் தாங்கும் போலிருக்கிறது. வைட்ஃபீல்டு தப்பித்ததற்குக் காரணம் பெங்களூர் பக்கத்தில் இருந்தது. (தப்பித்ததா, விழுங்கப்பட்டதா என்பது வேறு விஷயம்.)

இனி நம்மவர்கள் கதை. 1898ல் பெங்களூரில் பிளேக் வந்தது. நெருக்கமான பேட்டையில் எலியும் மனிதனும் ஒன்றாக வாழ்ந்த தெருக்களில் சாவு மேல் சாவு. ஜனங்கள் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். அந்தப் பயத்தில் வேகமாக வளர்ந்தவைதான் வடக்கே மல்லேஸ்வரமும் தெற்கே பசவனகுடியும். அகலத் தெரு, வீட்டுக்கு வீடு இடைவெளி, கழிவை அகற்றப் பின்பக்கம் தனிச் சந்து. காடு மல்லேஸ்வரர் கோயிலைச் சுற்றி ஒன்று, பெரிய நந்தி கோயிலைச் சுற்றி இன்னொன்று. 1890களிலேயே ஹெசரகட்டா ஏரியில் இருந்து குழாய்த் தண்ணீர் வந்திருந்தது. 1905ல் சிவசமுத்திரத்தில் இருந்து மின்சாரமும் வந்தது. கோயில், கடைத்தெரு, தண்ணீர், விளக்கு, காற்று. மைசூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கும் தாசில்தாருக்கும் வேறென்ன வேண்டும்? பெரியம்மா கேட்கிற பட்டியலும் அச்சு அசல் இதேதான்.

மல்லேஸ்வரத்துக்கு நம் ஊர்க்காரர் ஒருவரும் உண்டு. திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன். இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக 1933ல் பெங்களூர் வந்தார். 1948ல் ஓய்வு பெற்றதும் திருச்சிக்கோ சென்னைக்கோ திரும்பவில்லை. மல்லேஸ்வரத்தில் வீடு, பக்கத்திலேயே மகாராஜா கொடுத்த நிலத்தில் சொந்த ஆராய்ச்சிக் கூடம். 1970ல் இறக்கும் வரை அங்கேயே ரோஜாச் செடிகளோடும் படிகங்களோடும் வாழ்ந்தார். ஓய்வு பெற்றவர் வேலைக்குப் பக்கத்தில் வீடு பார்த்த அபூர்வ உதாரணம்!

அதே 1948ல் ஜெயநகருக்கு அடிக்கல். நட்டவர் ராஜாஜி. இங்கிருந்துதான் விஷயம் மாறுகிறது. அதன் பிறகு ஏரியாவைப் பென்ஷன்காரர் தேர்ந்தெடுக்கவில்லை. நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு மனை ஒதுக்கும், கிடைத்த இடத்தில் வீடு கட்டிக்கொள்ள வேண்டியது.

கணக்கிலும் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் கால விதிப்படி எந்தத் தேதியில் ரிடையர் ஆனாரோ அந்தத் தேதிச் சூத்திரப்படிதான் பென்ஷன். 1979ல் மத்திய அரசு சூத்திரத்தைத் தாராளமாக்கியபோது, அந்த வருஷம் மார்ச் 31க்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடையாது என்றது. 1972ல் ஓய்வு பெற்ற டி.எஸ்.நகாரா உச்ச நீதிமன்றம் போனார். 1982 டிசம்பர் 17ல் தீர்ப்பு வந்தது: பென்ஷன் பிச்சை அல்ல, உரிமை, ஒரே இனத்தவரைத் தேதியை வைத்துப் பிரிக்கக் கூடாது. அந்த நாளைத்தான் இன்றும் பென்ஷனர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு இல்லாத காலத்தில் ஏரியா தேர்வு என்பது எவ்வளவு பயங்கரமான முடிவு என்று யோசித்துப் பாருங்கள். வருமானம் ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்கும், வாடகை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கையில் வந்த பி.எஃப்., கிராஜுவிட்டியை எல்லாம் போட்டு முதலில் வீட்டைக் கட்டினார்கள். அந்த வீடுகள்தான் பின்னால் கோடிக்கணக்கில் போய், பேரப்பிள்ளைகள் பில்டரிடம் கொடுத்து, அபார்ட்மென்ட்டாக நிற்கின்றன.

தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் பட்டியலில் இன்னொரு வரி சேர்ந்தது. 1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி நடந்த கலவரத்தில் பெங்களூர்த் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 'நம்மாட்கள் இருக்கிற ஏரியாவா?' என்ற கேள்விக்கு அதன்பின் அர்த்தமே வேறு. அதே வருஷம் அல்சூர் ஏரிக்கரையில் வைத்த திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. பதிலுக்கு சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை. பெரியப்பா இதை மறக்கவில்லை. அண்ணன் அப்போது பிறக்கவே இல்லை, அவனுக்கு இது பாட்டி கதை.

1951ல் எட்டு லட்சம் பேர் கூட இல்லாத ஊர், 2011 கணக்கெடுப்பில் 84 லட்சம். பென்ஷன்காரர்கள் இப்போது பிள்ளையின் ஆபீஸ் இருக்கும் திசையைத்தான் பார்க்கிறார்கள். அண்ணன் ஆபீஸ் இருப்பது வைட்ஃபீல்டில். ஆங்கிலோ இந்தியப் பெரியவர்கள் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்த இடத்துக்குத்தான் பெரியப்பாவைக் கூப்பிடுகிறான்! பெரியப்பா கேட்பது மல்லேஸ்வரம். 2023ல் வைட்ஃபீல்டு வரை மெட்ரோ வந்துவிட்டது, மெஜஸ்டிக்கில் ஒரு முறை மாறினால் சம்பிகே ரோடு. "ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு அவன் வரட்டுமே" என்கிறார். பெரியம்மா முதலில் மல்லேஸ்வரத்தில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்க்கலாம் என்கிறார். திருச்சி வீட்டை அதுவரை விற்கப் போவதில்லையாம்.