எண்ணிலும் ஏறிய நிறவெறி

நூலகத்தின் கதவைத் திறந்துவிட்டோம், வருவோர் வரட்டும், படிப்போர் படிக்கட்டும் என்று கூறிவிட்டால் கடமை முடிந்துவிடுமா, தோழர்களே? ஆயிரமாயிரம் ஏடுகள் அடுக்கிய மண்டபத்திலே, வேண்டிய ஏட்டைத் தேடத் தெரியாமல் நிற்பவன், பந்தியிலே கண்ணைக் கட்டி அமர்த்தப்பட்டவனன்றோ!

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்றொரு நகர். அங்கே 1905ஆம் ஆண்டு, கறுப்பின மக்களுக்கெனக் கிளை நூலகம் ஒன்று திறக்கப்பட்டது. ஒரு வீட்டின் மூன்று வாடகை அறைகளே அதன் இடம். 1908இல்தான் கார்னெகியின் கொடையால் தனிக் கட்டடம் எழுந்தது. தனி நூலகம் என்பதே நிறவெறியின் ஏற்பாடு, அதைப் போற்றுவதற்கில்லை. போற்றத்தக்கது, அந்த வேலிக்குள் நின்று தாமஸ் ஃபவுன்டன் ப்ளூ ஆற்றிய பணி. அடிமைத்தளையிலிருந்து மீண்ட பெற்றோரின் மகன் அவர். தென் மாநிலங்களின் நூலகப் பயிற்சிக்கூடங்கள் கறுப்பின இளைஞருக்குக் கதவடைத்திருந்த காலம். அவர்கள் கற்பிக்க மறுத்தாலென்ன, நாமே கற்பிப்போம் என்று 1912இல் தம் கிளையிலேயே பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். நூல்களை வகைப்படுத்துதல், அட்டை எழுதுதல், கேட்பவருக்குத் தேடித் தருதல் ஆகியவை பாடங்கள்; வாசகர் வந்துபோகும் அந்த நூலகமே பயிற்சிக்களம். வெளியூர்களிலிருந்தும் வந்து கற்றுச் சென்றனர்.

தேடக் கற்றாயிற்று. ஆனால், தேடும் பாதையிலேயே குழி வெட்டியிருந்தால்?

வாஷிங்டன் நகரின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்திலே, கறுப்பின மக்களைப் பற்றிய நூல்தொகுப்புக்கு 1930இல் பொறுப்பேற்ற டாரதி போர்ட்டர் கண்டது அந்தக் குழியைத்தான். நூல்களுக்கு எண்ணிட டியூவி வகுத்த முறையைப் பல நூலகங்கள் பின்பற்றின. அதில் 325 குடியேற்றத்துக்குரிய எண். 326 அடிமைமுறைக்குரிய எண். கவிதையானாலும் சரி, வேறெதுவானாலும் சரி, எழுதியவர் கறுப்பரா? தூக்கிப் போடு அந்த எண்களிலே! கவிதை அடுக்கில் தேடும் மாணவனுக்கு அந்தக் கவிஞன் பிறக்கவே இல்லை. 1865இல் சட்டத்தால் அறுபட்ட விலங்கு, நூலின் முதுகில் ஒட்டிய சீட்டிலே அறுபடாதிருந்தது. எவர் கண்ணிலும் படாத கொடுமை. ஆகவே நீண்ட காலம் நீடித்த கொடுமை.

அட்டைப் பெட்டியைப் புரட்டக் கற்பிக்கும் ஆசிரியர், அந்த அட்டையை எழுதிய கை எது என்று கேட்கவும் கற்பித்தாக வேண்டும். போர்ட்டர் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், பழைய எண்களைத் தள்ளி, நூல்களை அவற்றின் இலக்கிய வகைப்படியும் ஆசிரியர் பெயர்ப்படியும் அடுக்கினார். 1973இல் ஓய்வு பெறும்வரை, 43 ஆண்டுகள் அந்தத் தொகுப்பை வளர்த்தார். கறுப்பின மக்களின் வரலாற்றை ஆராய்வோர் இன்றும் அந்தத் தொகுப்பைத் தேடிச் செல்கின்றனர்.