பாடநூல் என்னும் பெயர்: தென்கொரியாவின் செயற்கை நுண்ணறிவுக் கல்வித் திட்டம் பற்றி ஓர் ஆராய்ச்சி

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் தென்கொரியாவின் தேசிய சட்டமன்றம் தனது தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் ஒரு திருத்தத்தை நிறைவேற்றிற்று. பாடநூல் என்பது அச்சிட்ட நூலும் அதன் மின்வடிவமுமே என்றும், செயற்கை நுண்ணறிவால் இயங்கும் கற்றல் மென்பொருள் பாடநூல் ஆகாது, பள்ளிகள் விரும்பினால் மேற்கொள்ளத்தக்க கல்விச் சாதனமே ஆகும் என்றும் அத்திருத்தம் வரையறை செய்தது. மேலோடு நோக்குவார்க்கு இது சொல்லாராய்ச்சி வல்லாரின் வழக்குப் போலத் தோன்றக்கூடும். ஆயினும், அந்நாட்டு அரசாங்கம் இரண்டாண்டுக் காலம் பெரும் பொருளும் உழைப்பும் செலவிட்டு நிறுவிய ஒரு கல்வித் திட்டம் முழுவதும் அந்த ஒரு பெயரையே ஆதாரமாகக் கொண்டிருந்தமையால், பெயர் நீங்கிய அன்றே திட்டமும் நீங்கியது. ஒரு சாதனத்துக்கு அரசு சூட்டும் பெயர் அதன் விதியை எவ்வாறு நிர்ணயிக்கிறது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருள்.

திட்டத்தின் உத்தேசம் குறை கூறத்தக்கதன்று. 2023 ஜூன் மாதத்தில் கல்வியமைச்சர் லீ ஜூ-ஹோ அதனை வெளியிட்டபோது, ஒவ்வொரு மாணவனின் தரத்தையும் இயந்திரமே கண்டறிந்து, பின்தங்கியவனுக்கு அடிப்படைப் பயிற்சியையும் முந்தியவனுக்கு ஆழ்ந்த பயிற்சியையும் அளிக்கும் மென்பொருள் பாடநூல்கள், 2025 மார்ச்சில் தொடங்கும் கல்வியாண்டு முதல் தொடக்கப் பள்ளியின் மூன்றாம், நான்காம் வகுப்புகளிலும், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளின் முதலாண்டு வகுப்புகளிலும் கணிதம், ஆங்கிலம், தகவலியல் ஆகிய பாடங்களுக்கு வழங்கப்படும் என்று அறிவித்தார். அந்நாட்டில் ஹாக்வொன் எனப்படும் தனிப்பயிற்சிக் கூடங்கள் முதலிய தனிப்பயிற்சி வகைகளுக்குப் பெற்றோர் கொட்டும் பணம் 2024இல் 29 லட்சம் கோடி வொன்னைக் கடந்தது. பள்ளி மாணவரில் ஐவருக்கு நால்வர் ஏதேனும் ஒரு வகையான தனிப்பயிற்சியை நாடுகின்றனர். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் தனியாசிரியனை ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அரசே வகுப்பறையில் வழங்கும் என்ற வாக்குறுதி அத்தகைய சமூகத்தில் எவ்வளவு வன்மை வாய்ந்தது என்பதை விவரிக்க வேண்டுவதில்லை.

இனி, இச்சாதனத்தைப் பாடநூல் என்று ஏன் அழைத்தனர் என்பதை ஆராய்வோம். கொரியச் சட்டத்தின்படி, அரசு இயற்றிய அல்லது அரசின் பரிசீலனையில் தேறிய பாடநூலைப் பள்ளிகள் பயன்படுத்தியே ஆகவேண்டும். துணைக் கருவிகளைப் பற்றி அத்தகைய நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. 2023ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், பாடநூல்கள் பற்றிய ஒழுங்குவிதியைத் திருத்தி அதன் வரையறைக்குள் மென்பொருளையும் அரசாங்கம் சேர்த்தது. சட்டமன்றத்தில் விவாதிக்க வேண்டிய ஒரு பெரும் மாறுதல் நிர்வாக ஆணையளவில் நிறைவெய்தியது. பாடநூல் என்ற பெயர் கிட்டியவுடன் கட்டாயமும், பொதுநிதியும், நாடு முழுவதுமான சந்தையும் ஒருங்கே கிட்டின. பதிப்பாளர் முதலீடு செய்யத் துணிந்ததும் அந்தச் சந்தையை நம்பியே.

ஆனால் கொரியாவில் பாடநூல் என்பது எளிய சொல்லன்று. வரலாற்றுப் பாடநூலை அரசே எழுதும் என்று 2015 அக்டோபரில் அதிபர் பார்க் குன்-ஹே அரசாங்கம் அறிவித்தபோது ஆசிரியர்களும் வரலாற்றறிஞர்களும் வீதிக்கு வந்தனர். 2017 மே மாதத்தில் மூன் ஜே-இன் பதவியேற்ற சில நாட்களில் அம்முயற்சி கைவிடப்பட்டது. பாடநூலை எவர் எழுதுவது, எவர் பரிசீலிப்பது, எவர் தேர்வது என்பது அங்கே அரசியலின் உயிர்நிலைகளுள் ஒன்று. இதனை அறிந்திருந்தும் புதிய இயந்திரத்தை அப்பெயரின்கீழ் அமைச்சகம் கொணர்ந்தது விவேகமாகத் தோன்றவில்லை.

பெயர் பொருந்தாமைக்கு இதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. நம் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூலின் இயல்பை வேறாகவும், ஆசிரியன் இயல்பை வேறாகவும், பாடஞ் சொல்லுதல், மாணாக்கன், பாடங் கேட்டல் ஆகியவற்றைத் தனித்தனியாகவும் வகுத்துரைக்கிறார். இப்பகுப்பு இலக்கணச் சம்பிரதாயம் மட்டுமன்று. கல்வியில் எது நிலைத்திருப்பது, எது ஆளுக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாறுவது என்ற தெளிவு அதில் அடங்கியிருக்கிறது. நூல் நிற்கும்; அதனை விரித்தும் சுருக்கியும், கேட்போன் முகம் பார்த்து உதாரணம் மாற்றியும் சொல்லுவது ஆசிரியன் தொழில். அச்சிட்ட பாடநூலை ஓர் அறிஞர் குழு முதல் ஏடு முதல் இறுதி ஏடு வரை படித்து, பிழையுள்ளது, பிழையற்றது என்று தீர்ப்புக் கூற முடிவது அது நிற்பதனாலேயே. ஒரு பட்டணத்துச் சிறுமி படிக்கும் அதே ஏட்டையே மலையூர்ச் சிறுவனும் படிக்கிறான், வேண்டுமானால் அவன் தந்தையும் மாலையில் எடுத்துப் பார்க்கிறார். மாணவன் விடைக்கு விடை தன் போக்கை மாற்றிக்கொள்ளும் மென்பொருளோ, நூலின் இடத்தில் அமர்ந்துகொண்டு ஆசிரியன் தொழிலைச் செய்கிறது. ஒரே மென்பொருளைத் திறந்த இரு பிள்ளைகள் ஒரே வரிசையில் ஒரே கணக்குகளைக் காண்பதில்லை. அத்தகைய ஒன்றைப் பரிசீலிப்பது நூலைப் பரிசீலிப்பது போலாகுமா? அது ஓர் ஆசிரியனை நியமனம் செய்வதற்கு ஒப்பாகும். நியமனம் செய்தபின் அவனோடு சில பருவம் இருந்து பார்த்தாலன்றி அவன் தகுதி விளங்காது.

கொரிய அமைச்சகத்தின் நடைமுறையில், பாடத்தின் உள்ளடக்கப் பரிசீலனை ஒரு பக்கமும், இணைப்பு, பாதுகாப்பு முதலிய தொழில்நுட்பப் பரிசீலனை மற்றொரு பக்கமும் நிகழ்ந்தன. இரண்டும் அவசியமே. ஆனால் தவறாக விடையளித்த ஒரு மூன்றாம் வகுப்புக் குழந்தையை அம்மென்பொருள் பின்னர் எங்கே அழைத்துச் செல்கிறது, பின்தங்கியவன் என்று ஒருமுறை கணித்தபின் அக்கணிப்பை எப்போது திருத்திக்கொள்கிறது என்னும் வினாக்கள் மாதக்கணக்கில் மெய்யான வகுப்பறைகளில் இருந்து பார்த்தே விடை காணத்தக்கவை. அதற்கு அவகாசமே இல்லை. 2023 ஆகஸ்டில் வழிகாட்டு நெறிகள் வெளிவந்தன. 2024 நவம்பர் இறுதியில் 76 நூல்கள் பரிசீலனையில் தேறின. 2025 மார்ச்சில் பள்ளி தொடங்கவேண்டும். தேறிய மென்பொருளை ஆசிரியர் கையாண்டு பழகுவதற்கு எஞ்சியது ஒரு குளிர்கால விடுமுறை மாத்திரமே.

பெற்றோரின் ஐயம் வேறொரு வாயிலாகவும் வெளிப்பட்டது. திரையின் முன்னே பிள்ளைகள் கழிக்கும் நேரத்தை மேலும் பெருக்கவேண்டா என்று 2024இல் சட்டமன்றத்துக்கு அனுப்பப்பட்ட மனுவில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் அதிபர் யூன் சுக் இயோல் ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து வீழ்ச்சியுற, அவரது அரசாங்கத்தின் செல்லப்பிள்ளையாகிய இத்திட்டமும் பாதுகாவலரை இழந்தது. அம்மாத இறுதியிலேயே எதிர்க்கட்சிகள் பாடநூல் தகுதியை நீக்கும் மசோதாவை நிறைவேற்றின. 2025 ஜனவரியில் தற்காலிக அதிபர் சோய் சங்-மொக் அதனை மறுத்துத் திருப்பினார். அமைச்சகமோ அவ்வோராண்டுக்கு மட்டும் பள்ளிகள் விருப்பம் போல் ஏற்கலாம் என்று தானாகவே இறங்கிவந்தது. நிர்ப்பந்தம் தளர்ந்தவுடன் ஏற்றுக்கொண்ட பள்ளிகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. தேகு நகரத்தில் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளும் ஏற்றன. ஸேஜோங் நகரத்தில் பத்தில் ஒன்றுகூட ஏற்கவில்லை. கல்வியமைச்சகத்தின் தலைமையிடம் இருப்பது ஸேஜோங்கில்தான் என்பதை இங்குக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. அந்நாட்டின் பதினேழு வட்டாரங்களிலும் கல்வித் தலைவர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவோர் ஆதலின், இவ்வளவு பெரிய வேற்றுமை மென்பொருளின் குணாகுணத்தைக் காட்டிலும் அத்தலைவர்களின் அரசியற் சார்பையே காட்டுகிறது என்பது என் அபிப்பிராயம்.

இதுகாறும் கூறியவற்றால் 2025 ஆகஸ்டுச் சட்டத்தை நான் முழுமையாகப் புகழ்கிறேன் என்று கொள்ளலாகாது. பெயரைத் திருத்தியது சரியே. ஆனால் ஆராயாமல் நுழைந்த திட்டம் ஆராயாமலே வெளியேற்றப்பட்டது. ஒரே ஒரு பருவத்தின் அநுபவம், அதுவும் விரும்பியோரும் விரும்பாதோருமாகச் சிதறிய பள்ளிகளின் அநுபவம், எந்தக் குழந்தைக்கு எது பயன்பட்டது என்பதை உணர்த்தப் போதாது. தங்கள் முதலீடு வீணாயிற்று என்று பதிப்பாளர் முறையிட்டனர். பழகத் தொடங்கிய ஆசிரியரும் பாதி வழியில் நின்றனர். தேகுவின் பள்ளிகளை நெருங்கிய ஒப்புமையுள்ள பிற வட்டாரப் பள்ளிகளோடு இரண்டு மூன்றாண்டு வைத்து ஆராய்ந்திருப்பின், உலகில் வேறெந்த நாட்டுக்கும் அப்போது எளிதில் வாய்க்காத ஓர் அறிவு கொரியாவுக்கு வாய்த்திருக்கும். எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் இடம் மாறிய வேகத்தில் அவ்வாய்ப்பு எவர் கண்ணிலும் படவில்லை.

இது முதன்முறையும் அன்று. 2011இல் அதே நாடு, 2015க்குள் பள்ளிகளின் பாடநூல் யாவற்றையும் மின்வடிவமாக்குவோம் என்று இரண்டு லட்சம் கோடி வொன்னுக்கு மேற்பட்ட செலவில் ஒரு திட்டத்தை அறிவித்துப் பின்னர் சுருக்கிக்கொண்டது. அப்போதும் கல்வியமைச்சராயிருந்தவர் லீ ஜூ-ஹோவே. முன்னைத் திட்டத்தில் அச்சு நூலை அகற்றுதல் கடினம் என்று கற்றவர், பின்னைத் திட்டத்தில் அச்சு நூலோடு மென்பொருளையும் சேர்த்து வழங்க முனைந்தார். அவ்வளவில் அநுபவம் பயன்பட்டது. தேதியை முன்னே குறித்துவிட்டு வேலையைப் பின்னே தேடும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

இனி நம் நாட்டை நோக்குவோம். இயந்திரத்தைக் கொண்டு கற்பித்தல் வேறு, இயந்திரத்தைப் பற்றிக் கற்பித்தல் வேறு. இந்தியா இப்போது முனைந்திருப்பது பெரும்பாலும் இரண்டாவதில். ஆகையால் கொரிய அநுபவத்தை அப்படியே நமக்குப் பொருத்துதல் முறையன்று. எனினும் கால அளவு என்னும் ஒரு கூறு இரண்டுக்கும் பொது. 2025 அக்டோபர் இறுதியில் ஒன்றிய அரசின் கல்வியமைச்சகம், 2026–27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவு கற்பிக்கப்படும் என்று அறிவித்தது. பாடத்திட்டம் வகுக்கும் நிபுணர் குழுவுக்குச் சென்னை ஐஐடியின் பேராசிரியர் கார்த்திக் ராமன் தலைவராயினார். ஆசிரியர்களுக்கான கையேடுகள் 2025 டிசம்பருக்குள் ஆயத்தமாகிவிடும் என்பதும் அவ்வறிவிப்பிலேயே கூறப்பட்டிருந்தது.