மருந்து என்னும் சொல்லும் தோட்டத் தொழிலாளரும்

சப்ரகமுவ மாகாணத்துத் தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் நஞ்சு தெளிப்பவரை "மருந்து அடிக்கிறவர்" என்பதே வழக்கு. நஞ்சுண்டு மாண்டவரைப் பற்றியும் "மருந்து குடித்துவிட்டார்" என்றே கூறுவர். இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளில் தோட்டத்தை அடுத்து வாழும் சிங்கள விவசாயியும் பூச்சிகொல்லியை "பெஹெத்" என்றே வழங்குகின்றார். மொழியால் வேறுபட்ட இரு உழைப்பாளர் பிரிவினரும் நஞ்சுக்கு நோய்தீர்க்கும் பெயரையே இட்டமை தற்செயலன்று. விற்பவன் சூட்டிய பெயர் அது எனலாம்.

இந்நஞ்சுகளின் வரலாறு ஓர் ஏகபோக நிறுவனத்தோடு பிணைந்தது. ஜேர்மனியின் ஐ. ஜி. பார்பன் நிறுவனத்தைச் சேர்ந்த கெர்ஹார்ட் சிறாடர், லெவர்க்கூசன் ஆய்வுகூடத்தில் சேதனப் பொசுபரசுச் சேர்வைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆக்கிப் பூச்சிகளின் மீது சோதித்து வந்தார். 1936 டிசம்பரில் ஆக்கிய தாபுன், அடுத்த மாதமே அவரையும் உதவியாளரையும் தாக்கியது. கண்மணி சுருங்கிற்று, மூச்சுத் திணறிற்று. நாசிப் படைத்துறை அதனை உடனே கைக்கொண்டது. 1938இல் சாரின் பிறந்தது. போர் முடியுமுன்னரே, 1944இல், அதே ஆய்வுவழியிற் பரத்தயோன் உருவாயிற்று. போர்க்கருவியும் பூச்சிகொல்லியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே.

நரம்பின் செய்தியைத் தசைக்குக் கடத்தும் அசற்றைல்கோலினை, கோலினெசுத்தரேசு என்னும் நொதியம் உடனுக்குடன் சிதைக்கும். இச்சேர்வைகள் அந்நொதியத்தை முடக்கிவிடவே, செய்தி ஓயாது குவிந்து இறுதியில் மூச்சு நின்றுவிடும். செடிப்பேனுக்கும் மனிதனுக்கும் இந்நொதியம் பொதுவானது. (இதே நொதியத்தை அளவோடு தடுக்கும் டொனெபெசில், நினைவு குன்றும் முதியோருக்கென 1996இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அதற்கு மருந்து என்னும் பெயர் தகும்.)

1982இல் ஜெயரத்தினமும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பூச்சிகொல்லி நஞ்சூட்டலால் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். 1,000 பேர் மாண்டனர். சேர்க்கப்பட்டோரில் நான்கில் மூன்று பங்கினர் வரையில் தாமே உண்டவர்கள். இதனைத் தனிமனித மனப்பலவீனமாகக் காண்போர் பலர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1980இல் பீடைகொல்லிச் சட்டம் வந்தது. 1984இல் பரத்தயோனும் மெதைல் பரத்தயோனும், 1995இல் மொனோகுரோட்டோபொசும் மெதமிடோபொசும் தடைசெய்யப்பட்டன. 1995இல் இலட்சத்துக்கு 47ஆக இருந்த தற்கொலை வீதம் அடுத்த பத்தாண்டில் ஏறத்தாழ அரைவாசியாயிற்று. வேலையின்மை, மது, யுத்தம் ஆகியவற்றின் போக்கைக் கொண்டு இவ்வீழ்ச்சியை விளக்க இயலவில்லை. மாறியது மனிதரின் மனமன்று, கைக்கெட்டிய போத்தலே.

தோட்டத்தில் நிலைமை சற்றே வேறு. அங்கு பெரிதும் தெளிக்கப்படுவது களைகொல்லி. கிளைபோசேற்று பொசுபரசுச் சேர்வையாயினும் இந்நொதியத்தைத் தடுப்பதன்று. 2015இல் நாடெங்கும் அது தடைசெய்யப்பட்டது. தோட்டத்துறையினர் வற்புறுத்தியதன் பின் 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் தடை நீக்கப்பட்டது. தெளிகருவியைத் தோளிற் சுமப்பவரின் கருத்தைக் கேட்டவர் யார்?