நெடுக்குவாட்டுக் குறுங்காணொளி: செய்தித் தளத்தில் சேர்ப்பதும் காப்பதும்

கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்து, நிமிர்த்திப் பிடித்தபடியே பார்க்கும் குறுகிய படம்தான் நெடுக்குவாட்டுக் குறுங்காணொளி. அகலம் 9 பங்கு, உயரம் 16 பங்கு. பெரும்பாலும் 1080-க்கு 1920 புள்ளிகள். ஈப்போ கடைத்தெருவிலோ சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலோ இப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது. ‘ரீல்ஸ்’ என்றால் புரியும். ‘டிக்டோக்’ என்றால் இன்னும் நன்றாகப் புரியும். யூடியூப்பில் பார்த்தாலும் சிலருக்கு அது டிக்டோக்தான்.

இந்த வடிவம் வந்து பத்தாண்டுதான் ஆகிறது. சீனாவில் டோயின் என்ற பெயரில் 2016-இல் தொடங்கியது, மறு ஆண்டு டிக்டோக் என்ற பெயரில் வெளிநாடுகளுக்கு வந்தது. 2018 ஆகஸ்டில் மியூசிக்கலி செயலி அதனுடன் இணைக்கப்பட்டது. 2020 ஜூன் 29-ஆம் தேதி இந்தியா அதைத் தடை செய்தது. தமிழ்நாட்டுக் கலைஞர்கள் ஒரே இரவில் மேடை இழந்தார்கள். அந்த ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் இந்தியாவில் வெள்ளோட்டம் விடப்பட்டது, 2021-இல் உலகெங்கும் பரவியது. மலேசியத் தமிழர்களுக்கு இந்தத் தடை வரலாறு ஒரு வகையில் இன்றும் தேவைப்படுகிறது. ஈப்போவில் ஒரு செய்தித் தளத்தில் டிக்டோக் காணொளியை ஒட்டினால், அதே பக்கத்தைத் திறக்கும் தமிழ்நாட்டு உறவினருக்கு அந்த இடம் வெறும் கட்டமாகத் தெரியும்.

பேரா மாநிலத்துக்கு இந்தத் துறையில் ஒரு முன்கதை உண்டு. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலமான 2020-இல், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஒன்று வீட்டுச் சமையலைக் கைப்பேசியில் எடுத்து யூடியூப்பில் போட்டது. ‘சுகு பவித்ரா’ என்ற அந்த அலைவரிசையில் பேச்செல்லாம் சரளமான மலாய். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாரும் பார்த்தார்கள். அன்றைய பிரதமர் முஹிடின் யாசின் தமது தொலைக்காட்சி உரையில் குறிப்பிடும் அளவுக்கு அது வளர்ந்தது. அவை குறுங்காணொளிகள் அல்ல, ஷார்ட்ஸ் அப்போது மலேசியாவுக்கு வரவில்லை. ஆனால் தோட்டத்து அடுப்படியிலிருந்து ஒரு கைப்பேசி எவ்வளவு தூரம் போகும் என்பதை நாடு அன்றுதான் கண்டது. இன்னொன்றையும் கண்டது. அதே ஆண்டிலேயே பெரும்பாலான காணொளிகள் அலைவரிசையிலிருந்து நீக்கப்பட்டன. தம் படைப்பை நீக்குவது அவரவர் உரிமை. ஆனால் அவற்றை ஒட்டிச் செய்தி எழுதியிருந்த தளங்களில் எழுத்து மட்டும் மிஞ்சும், படம் இருந்த இடம் வெறுமையாகிவிடும்.

ஒட்டுவதா, சொந்தமாக வைப்பதா?

ஒரு தளத்தில் குறுங்காணொளி சேர்க்க இரண்டு வழிகள்தான். ஒன்று, யூடியூப், டிக்டோக், இன்ஸ்டாகிராம் போன்ற தளத்தில் ஏற்றிவிட்டு, அது தரும் சிறு நிரல்வரியைக் கட்டுரையில் ஒட்டுவது. இன்னொன்று, காணொளிக் கோப்பைச் சொந்தச் சேவையகத்திலோ கட்டணச் சேவை ஒன்றிலோ வைத்து இயக்குவது.

ஒட்டுவதற்குச் செலவில்லை. சிறிய செய்தி அறைகளும் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிகளும் இதையே செய்கின்றன. யூடியூப் ஷார்ட்ஸ் ஒட்டும்போது பலரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். யூடியூப் தரும் நிரல்வரி வழக்கமாகப் படுக்கைவாட்டுச் சட்டத்துக்கானது. அப்படியே போட்டால் நடுவில் மெல்லிய படமும் இரு பக்கமும் கறுப்புப் பட்டையும் வரும். சட்டத்தின் அகல உயர விகிதத்தை 9-க்கு 16 என்று பக்க வடிவமைப்பில் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். அப்படி எழுதினால் இன்னொரு தொல்லையும் தீரும்: படம் வந்து சேரும்வரை இடம் ஒதுக்கப்படாமல், வாசித்துக்கொண்டிருந்த வரி திடீரென்று கீழே குதிக்காது. கணினித் திரையில் இந்தச் சட்டத்தை முழு அகலத்துக்கு விடக்கூடாது. கோபுரம் மாதிரி உயர்ந்து, அடுத்த பத்தி எங்கோ போய்விடும். 350 புள்ளி அகலம் போதும்.

சொந்தமாக வைப்பதில் கணக்கு முக்கியம். வினாடிக்கு 4 மெகாபிட் அளவில் சுருக்கிய ஒரு நிமிடப் படம் 30 மெகாபைட் எடுக்கும். ஒரு பக்கத்தில் பத்துப் படங்களை வரிசையாக வைத்து, திறந்தவுடன் எல்லாம் இறங்கட்டும் என்று விட்டால் 300 மெகாபைட். நகரத்து அகண்ட அலைவரிசையில் இது தெரியாது. மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டு 4ஜி விரிவாக்கப்பட்ட பிறகும், செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் வீட்டில் கைப்பேசியைச் சன்னல் ஓரம் வைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். முன்கட்டணச் சிம் அட்டையில் பத்து வெள்ளி போட்டு வாரத்தை ஓட்டும் பாட்டிக்கு அந்த 300 மெகாபைட் அவருடைய காசு. அதனால் முதலில் ஒரு நிழற்படம் மட்டும் தெரிய வேண்டும், வாசகர் தொட்ட பிறகுதான் காணொளி இறங்க வேண்டும். பக்கம் திறந்ததும் தானே ஓடுவதைத் தவிர்ப்பதே நல்லது. அப்படி ஓடவிட்டாலும் ஒலியோடு ஓட உலாவிகள் விடுவதில்லை. குரோம் 2018 முதல் இதில் கண்டிப்பாக இருக்கிறது.

ஒலி இல்லாமல் தொடங்குவதால் திரையில் எழுத்து தேவைப்படுகிறது. தமிழுக்கு இங்கே தனிக் கவனம் வேண்டும். சில படத்தொகுப்புச் செயலிகளில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறி நிற்கும். யூனிகோட் எழுத்துருவைச் சரியாகக் காட்டும் செயலிதானா என்று ஒரு வரி அடித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். பேச்சைக் கேட்டுத் தானே எழுதித் தரும் கருவிகளை அப்படியே நம்புவதற்கில்லை. தமிழும் மலாயும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும் நம் பேச்சில் அவை தடுமாறும், ஊர்ப் பெயர்களில் இன்னும் தடுமாறும். கையால் திருத்தியே ஆக வேண்டும். எழுத்தைத் திரையின் அடியிலும் வலது ஓரத்திலும் வைக்கக்கூடாது, அங்கேதான் விருப்பம், பகிர்வு பொத்தான்கள் வந்து மறைக்கும்.

பாட்டு விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். டிக்டோக்கிலோ ரீல்ஸிலோ பின்னணிக்குத் தரப்படும் திரைப்பாடல், அந்தத் தளத்துக்குள் பயன்படுத்த மட்டுமே அனுமதி பெற்றது. அதே படத்தைப் பதிவிறக்கிச் சொந்தத் தளத்தில் ஏற்றினால் அந்த அனுமதி கூடவே வராது. மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987 அதற்கும் பொருந்தும். செய்தித் தளத்துக்கு என்றால் பாட்டில்லாத மூலக் கோப்பைத் தனியே வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான தோட்டக் காட்சிகளுக்குப் பாட்டு தேவையும் இல்லை. விடியற்காலைப் பூச்சிச் சத்தமும், மங்கில் பால் சொட்டும் ஓசையும் எந்த இசையமைப்பாளரும் தர முடியாதவை.

எது நெடுக்கில் நிற்கும்?

படுக்கைவாட்டில் எடுத்த படத்தை நிமிர்ந்த கைப்பேசியில் பார்த்தால் 1080-க்கு 607 புள்ளிதான் கிடைக்கும்; திரையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்காக எல்லாவற்றையும் நெடுக்கில் எடுத்துவிட முடியாது. ஈப்போ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத் தைப்பூசக் கூட்டம் பக்கவாட்டில் விரியும் காட்சி. அதை நெடுக்கில் அடைத்தால் ஒரு காவடியும் நாலு தோளும்தான் மிஞ்சும். ஒரு முகம், ஒரு கை, ஒரு மரம், ஒரு கோபுரம் ஆகியவற்றுக்கு நெடுக்குச் சட்டம் பொருந்தும்.

பேராவில் அதற்குப் பஞ்சமில்லை. கோலகங்சாரில் 1877-இல் ஹியூ லோ நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே மரமாக நிற்கிறது. தமிழர்களை இந்த மண்ணுக்குக் கொத்துக் கொத்தாக இழுத்து வந்த பயிரின் மூத்த சாட்சி அது. வேரிலிருந்து உச்சிவரை கைப்பேசியை மெல்ல உயர்த்தினால் 20 வினாடிக் காணொளி. பத்து காஜா கெல்லி மாளிகைக்கு அருகில் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட மாரியம்மன் கோயிலின் கூரைச் சிற்பங்களுக்கு நடுவே, துரை உடையில் நிற்கும் ஓர் உருவத்தை வில்லியம் கெல்லி ஸ்மித் என்கிறார்கள். தரையில் நின்று பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அதைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். புந்தோங் கச்சாங் பூத்தே கடைகளில் எண்ணெய்ச் சட்டியும் அள்ளும் கரண்டியும் போதும்.

எல்லாவற்றிலும் சிறந்தது பால் மரம் சீவுவது. வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிந்து இறங்கும். பட்டை சுருளாக உரியும், பால் கோடு வழியே ஓடி, நேர்க்கோட்டில் இறங்கி, தகரத்தைத் தொட்டு மங்கில் விழும். மேலிருந்து கீழாக நடக்கும் வேலை அது. சட்டமும் அப்படியே. எடுப்பவர் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். வெயில் ஏறுமுன் மரங்களை முடித்தால்தான் பால் ஒழுங்காக ஒழுகும். “இன்னொரு தடவை சீவிக் காட்டுங்கள்” என்று தொழிலாளியை நிறுத்தக்கூடாது. கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம்.

பெரும்பாலான ரப்பர் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. கோட்டுப் பாலைத் தனியே எடுத்ததையும், பிரட்டுக்களத்தில் கிராணி பேர் வாசித்ததையும், காண்டாக் கம்பில் வாளி சுமந்ததையும் கையால் நடித்துக் காட்டக்கூடியவர்கள் இன்று முதியவர்கள். அவர்களை ஒரு நிமிடத்தில் பேசவைப்பது எளிதல்ல. “உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்” என்றால் பாட்டி தயங்குவார். “கத்தியை எப்படித் தீட்டுவீர்கள்?” என்று கேட்டால் கை தானே எழும்பிவிடும். ஒரு காணொளிக்கு ஒரு கேள்வி. முழு நேர்காணலையும் தனியே பதிவு செய்து வைத்துக்கொண்டு, தளத்தில் அந்த ஒரு நிமிடத்தைப் போடலாம்.

பேசியவர் எங்கே பார்க்கப்படுகிறார் என்பதை அவரிடம் சொல்லியாக வேண்டும். புலனத்தில் பேத்திக்கு அனுப்ப என்று நினைத்துப் பேசுவது வேறு, ஊரே பார்க்கப் பேசுவது வேறு. 2024 ஜூலையில் இணையத்தில் தொடர் வசைக்கு ஆளான தமிழ்ப் பெண் ஒருவர் உயிரிழந்தார். வசைபாடியவர்களில் ஒருவருக்கு 100 வெள்ளி அபராதம் என்ற செய்தி நாடு முழுவதும் கொதிப்பை உண்டாக்கியது. அதன் பிறகே குற்றவியல் தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கு எதிரான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025-இல் நடப்புக்கு வந்தன. 80 லட்சத்துக்கும் மேல் பயனர் கொண்ட சமூக ஊடகங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் உரிமம் கட்டாயம். சிறிய செய்தித் தளம் அந்தக் கணக்கில் வராது. ஆனால் 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு யாரையும் விடாது. வழக்கிலோ பாதுகாப்பு நடவடிக்கையிலோ தொடர்புடைய சிறார்களின் படத்தை வெளியிட 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம் தடை விதிக்கிறது. முதியவரின் உச்சரிப்பையோ லயத்து வீட்டையோ கேலி செய்யும் கருத்துகளை உடனே நீக்க ஆள் இல்லாத தளம், கருத்துப் பகுதியை மூடிவைப்பதே மேல்.

தேடலில் கிடைக்க வேண்டுமானால் ஒவ்வொரு காணொளிக்கும் தனிப் பக்கம் வேண்டும். கட்டுரைக்கு நடுவே சொருகிய படங்களைக் காணொளித் தேடலில் காட்டுவதை கூகுள் 2023 டிசம்பரில் நிறுத்திவிட்டது. காணொளியே பக்கத்தின் முதன்மைப் பொருளாக இருந்தால்தான் அங்கே இடம். தலைப்பு, தேதி, நீளம், முகப்புப் படம் ஆகியவற்றை இயந்திரம் படிக்கும் வடிவிலும் சேர்க்க வேண்டும்.

தமிழ் நேசன் 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றது. தாள் என்பதால் பழைய இதழ்களை எங்கோ ஒரு நூலகத்தில் இன்றும் புரட்டிப் பார்க்கலாம். செயலியில் மட்டும் இருக்கும் காணொளிக்கு அந்த வசதி இல்லை. மூலக் கோப்பை இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் வைத்தால் போதுமான பாதுகாப்பு. கோப்பின் பெயரில் தேதியும் ஊரும் இருக்கட்டும், கூடவே ஒரு சிறு குறிப்பும்: பேசியவர் பெயர், வயது, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, தோட்டம் இப்போது எந்தத் தாமானாக மாறியிருக்கிறது. பல தோட்டங்களுக்கு நிர்வாகம் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, தமிழர் வாயில் வழங்கிய பெயர் வேறொன்று. வரைபடத்தில் முதல் பெயர் கிடைத்துவிடும். இரண்டாவதைப் பேசுகிறவரிடம் அன்றே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.