சுங்கம் தவிர்த்த ரெபேக்கா

1839, ஜூன் 6. ராத்திரி.

மேற்கு வேல்ஸில் எஃபெயில்வென் என்று ஒரு குக்கிராமம். வேல்ஷ் மொழியில் 'வெள்ளைக் கொல்லுப்பட்டறை' என்று அர்த்தம். அந்த ஊர்ச் சாலையில் புதிதாக ஒரு சுங்கச்சாவடி. அதாவது, புதிதாக இரண்டாவது முறை கட்டப்பட்ட சுங்கச்சாவடி. முதலில் கட்டியதை மே 13 அன்றே யாரோ அடித்து நொறுக்கிவிட்டார்கள்.

இப்போது காவலுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களைப் போட்டிருந்தார்கள். இருட்டுக்குள்ளிருந்து ஒரு கூட்டம் வந்தது. முன்னூறு நானூறு பேர். முகமெல்லாம் கரி. கையில் கோடரி, சம்மட்டி. இது பரவாயில்லை. உடம்பில் பாவாடை, தலையில் பெண்கள் அணியும் தொப்பி! மீசை வைத்த ஆம்பிளைகள் பொம்பிளை வேஷத்தில் கோடரியோடு ஓடி வந்தால் கான்ஸ்டபிள் என்ன செய்வார்? ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் கேட் விறகாகிவிட்டது.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவருக்குப் பெயர் ரெபேக்கா. கூட வந்தவர்கள் அவருடைய 'மகள்கள்'. அடுத்த நாலு வருஷத்துக்கு பிரிட்டிஷ் அரசாங்கத்தின் தூக்கத்தைக் கெடுக்கப்போகிற பெயர் அது.

இவ்வளவு கோபம் எதற்கு? ஒரு ரோட்டுக்கு. அதைப் பராமரிக்கிறோம் என்று சொல்லி வசூலித்த காசுக்கு.

கதையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டு போனால்தான் இது புரியும்.

*

1555. மேரி ராணியின் ஆட்சி. பார்லிமெண்டில் ஒரு சட்டம் போட்டார்கள். உங்கள் ஊர் ரோடு உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு பாரிஷும், அதாவது ஒரு தேவாலயத்தைச் சுற்றியுள்ள ஊர், தன் எல்லைக்குள் இருக்கும் சாலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். வருஷத்துக்கு நாலு நாள் ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்யவேண்டும். வசதியானவர்கள் வண்டியும் மாடும் அனுப்பவேண்டும். 1563ல் நாலு நாள், ஆறு நாளானது. மேற்பார்வை பார்க்க ஊரிலேயே ஒருத்தரைப் பிடித்து 'சர்வேயர்' என்று உட்கார வைத்தார்கள். அவருக்கும் சம்பளம் கிடையாது.

நம் ஊரில் ஏரி, கால்வாய்க்கு இருந்த குடிமராமத்து மாதிரிதான். ஒரே ஒரு வித்தியாசம். ஏரித் தண்ணீர் அந்த ஊர் வயலுக்குத்தான் பாயும். ரோடு அப்படியா? எங்கிருந்தோ எங்கோ போகிறவனெல்லாம் போவான். லண்டன் வியாபாரியின் சரக்கு வண்டி உழுதுவிட்டுப் போன பள்ளத்தை, வண்டியே இல்லாத கிராமத்துக் கூலிக்காரன் ஏன் மண் அள்ளிப் போட்டு மூடவேண்டும்? மூடவில்லை. மண்வெட்டியோடு வந்தான், பொழுதைப் போக்கினான், போய்விட்டான்.

'உபயோகிக்கிறவன் காசு கொடுக்கட்டும்' என்று ஒரு யோசனை பிறந்தது. 1663ல் லண்டனிலிருந்து வடக்கே போகும் பெருஞ்சாலையில் சோதனையாக ஆரம்பித்தார்கள். அடுத்த நூற்றாண்டில் அது காட்டுத்தீயாகப் பரவிவிட்டது. ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு டிரஸ்ட் அமைக்க வேண்டியது. பார்லிமெண்டில் தனிச்சட்டம் வாங்க வேண்டியது. கடன் பத்திரம் போட்டுப் பணம் திரட்டி, ரோடு போட்டு, கேட் வைத்து வசூலிக்க வேண்டியது. டர்ன்பைக் டிரஸ்ட் என்று பெயர். 1830களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிரஸ்ட்டுகள். அவற்றின் கையில் சுமார் 20 ஆயிரம் மைல் சாலை.

சும்மா சொல்லக்கூடாது. பல இடங்களில் சாலைகள் நன்றாகவே ஆயின. பயண நேரம் பாதிக்குப் பாதி குறைந்த ஊர்கள் உண்டு. திட்டத்தில் கோளாறு இல்லை. கணக்கில்தான் கோளாறு.

*

ஒரு டிரஸ்ட்டின் வரவு செலவைப் பார்ப்போம்.

வரவு என்றால் கேட் வசூல். ஆனால் டிரஸ்டிகளாகிய கனவான்கள் ரோட்டில் நின்று சில்லறை வாங்குவார்களா? ம்ஹூம். கேட்டுகளை ஏலம் விட்டார்கள். அதிகத் தொகைக்கு யார் கேட்கிறாரோ அவருக்குக் குத்தகை. அவர் கட்டிய தொகைக்கு மேல் வசூலாவதெல்லாம் அவருக்கு லாபம். ரோடு நன்றாக இருக்கிறதா, இல்லையா என்பது அவர் பிரச்னையே இல்லை. கேட் இருந்தால் போதும். இரண்டு கேட் இருந்தால் இன்னும் விசேஷம்.

செலவு? முதலில் கடன் பத்திரத்துக்கு வட்டி. பத்திரம் வைத்திருந்தவர்களில் உள்ளூர்ப் பெரிய மனிதர்களும் உண்டு. அப்புறம் குமாஸ்தா சம்பளம், வக்கீல் ஃபீஸ், சட்டத்தைப் புதுப்பிக்கிற செலவு. எல்லாம் போக மிச்சம் இருந்தால்தான் ரோட்டுக்கு ஜல்லி.

மிச்சம் இல்லையென்றால்? இன்னொரு கேட்.

வேல்ஸின் தென்மேற்கில் இது உச்சத்துக்குப் போனது. கார்மார்தன் நகரத்தைச் சுற்றி மட்டும் ஏறத்தாழ ஒரு டஜன் டிரஸ்ட்டுகள். ஒன்றில் கட்டிய சுங்கம் இன்னொன்றில் செல்லாது. பத்து மைல் போவதற்குள் மூன்று முதலாளிகளுக்குக் கப்பம் கட்டவேண்டும்.

இங்கேதான் தாமஸ் புல்லின் என்ற இங்கிலாந்துக்காரர் வருகிறார். கேட் குத்தகை எடுப்பதுதான் அவர் தொழில். மனிதர் கில்லாடி. விட்லண்ட் டிரஸ்ட்டின் சாலைகளைக் குத்தகைக்கு எடுத்ததும் ஒரு விஷயத்தைக் கவனித்தார். விவசாயிகள் மெயின் ரோட்டுக் கேட்டைத் தவிர்த்துவிட்டுக் குறுக்குப் பாதையில் புகுந்து போகிறார்கள். அப்படியா சங்கதி? குறுக்குப் பாதை வாயிலும் கேட் போடுங்கள் என்றார். டிரஸ்ட் ஒப்புக்கொண்டது. அப்படி முளைத்த கேட்டுகளில் ஒன்றுதான் எஃபெயில்வென்.

அந்தக் குறுக்குப் பாதைகளில் விவசாயி எதை ஏற்றிக்கொண்டு போனான்?

சுண்ணாம்பு.

மேற்கு வேல்ஸ் மலை மண் புளித்த மண். சுண்ணாம்பு போடாவிட்டால் பயிர் வராது. சுண்ணாம்புக் காளவாய்கள் கடற்கரைப் பக்கம். வயல் மலைப்பக்கம். வேறு வழியே இல்லை, வண்டி கட்டிக்கொண்டு போய் ஏற்றி வந்தாக வேண்டும். ஒரு வண்டி சுண்ணாம்பை எட்டு மைல் உள்ளே கொண்டுபோக, சுங்கம் மட்டுமே ஐந்து ஷில்லிங் வரை ஆன இடங்கள் உண்டு. ஒரு தடவை கட்டிய சுங்கம் அந்த டிரஸ்ட்டுக்குள் நள்ளிரவு வரை செல்லும் என்பதால், நடுநிசி தாண்டியதும் வண்டி பூட்டி, மறுநாள் நடுநிசிக்குள் வீடு திரும்பிவிட விவசாயி மாடாக உழைத்தான். இதிலும் கேட்மேல் கேட் போட்டால்?

அவனுக்கு மற்ற சுமைகள் தனி. 1835ல் வந்த சட்டம் ஊர்க் கட்டாய வேலையை ஒழித்தது. நல்ல விஷயம்தான். பதிலுக்குச் சின்னச் சாலைகளுக்காகக் காசாக வரி கட்டச் சொன்னது. ஆக ஊர் ரோட்டுக்கு வரி, பெரிய ரோட்டுக்குச் சுங்கம். தேவாலயத்துக்குத் தசமபாகம் வேறு. இத்தனைக்கும் அவன் போவது அந்த அரசுத் திருச்சபைக்கு அல்ல, தன் சொந்த ஜெபக்கூடத்துக்கு. போதாக்குறைக்கு விளைச்சலும் மோசம்.

முறையிடலாம் என்றால் யாரிடம்? மாஜிஸ்டிரேட்டிடம். மாஜிஸ்டிரேட் யார்? நிலச்சுவான்தார். டிரஸ்டி யார்? அவரேதான். பத்திரம் வைத்திருப்பவர்? பல இடங்களில் அவரேதான். அவர் பேசுவது இங்கிலீஷ். இவன் பேசுவது வேல்ஷ்.

*

ஆக, பாவாடை கட்டினான்.

அதிலும் ஒரு மரபு இருந்தது. 'கெஃபில் பிரென்', அதாவது மரக்குதிரை என்று ஒரு கிராமத்து வழக்கம். ஊருக்குள் தப்பு செய்தவனை, முகத்தில் கரி பூசிப் பெண்வேஷம் போட்டவர்கள் ராத்திரியில் ஊர்வலம் விட்டு அவமானப்படுத்துவார்கள். அதே வேஷம், இப்போது கேட்டுக்கு எதிராக. ரெபேக்கா என்ற பெயர் பைபிளிலிருந்து வந்தது என்பார்கள். ஆதியாகமத்தில் மணமகளாகப் புறப்படும் ரெபேக்காளை வாழ்த்தும்போது, அவளுடைய சந்ததி பகைவர்களின் வாசல்களைக் கைப்பற்றவேண்டும் என்று வாழ்த்துகிறார்கள். வாசல் என்றால் கேட். ஜெபக்கூடத்தில் வளர்ந்தவர்களுக்கு இது போதாதா?

ஒரு சின்ன நாடகமும் நடக்கும். ரெபேக்கா கண் தெரியாத கிழவியாகத் தடுமாறி நடந்து வருவார். கேட்டில் முட்டிக்கொள்வார். வழியில் ஏதோ தடுக்கிறதே பிள்ளைகளே என்பார். அதை உடைத்துவிடலாம் அம்மா என்பார்கள் பிள்ளைகள். கோடரி இறங்கும்.

ஜூலை 17 அன்று எஃபெயில்வென் மூன்றாவது முறை விழுந்தது. ஒரே வாரத்தில், ஜூலை 23ம் தேதி டிரஸ்டிகள் கூடினார்கள். புதிய கேட்டுகள் வேண்டாம் என்று தீர்மானம் போட்டுக் கலைந்தார்கள்.

இதைக் கவனியுங்கள். நியாயம் கேட்டுக் கிடைக்காதது கோடரிக்குக் கிடைத்துவிட்டது. கனவான்கள் அதை மறந்துவிட்டார்கள். விவசாயிகள் மறக்கவில்லை. மூன்று வருஷம் சத்தமில்லை. 1842 அக்டோபரில் செயின்ட் கிளியர்ஸ் என்ற ஊரில், மெர்மெய்ட் என்ற மதுக்கடை அருகே, சுண்ணாம்பு வண்டி போகும் வழியில் புது கேட் முளைத்தது. யோசனை? அதே புல்லின். நவம்பரில் ரெபேக்கா திரும்பி வந்தாள்.

இந்த முறை ஒரு ரெபேக்கா இல்லை. ஊருக்கு ஒரு ரெபேக்கா. ஒன்றன்பின் ஒன்றாக கேட்டுகள் சரிந்தன. 1843 ஜூன் 19 அன்று ஆயிரக்கணக்கானோர் பட்டப்பகலில் கார்மார்தன் நகருக்குள் புகுந்து ஏழைகள் விடுதியைச் சூறையாடினார்கள். குதிரைப்படை வந்துதான் அடக்கியது.

இப்போதுதான் லண்டன் விழித்தது. 'டைம்ஸ்' பத்திரிகை தாமஸ் கேம்ப்பெல் ஃபாஸ்டர் என்ற நிருபரை அனுப்பியது. அவர் மாஜிஸ்டிரேட் வீட்டு விருந்தில் உட்கார்ந்து செய்தி எழுதுகிற ஆள் இல்லை. விவசாயிகளைத் தேடிப் போனார். அவர்கள் ரகசியக் கூட்டத்துக்கே அவரை அழைத்தார்கள். சுங்கம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, வரி எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார். லண்டனில் காலைக் காபியோடு படித்தவர்களுக்கு முதல்முறையாக ஒரு விஷயம் உறைத்தது. இது காலித்தனமல்ல. இதில் கணக்கு இருக்கிறது.

*

ஆனால் ராத்திரியில் முகமூடியோடு நடக்கிற எந்த நியாயமும் ரொம்ப நாள் நியாயமாகவே இருப்பதில்லை. மிரட்டல் கடிதங்கள், சொந்தப் பகை தீர்த்தல் என்று விஷயம் திசைமாறியது.

செப்டம்பர் 6 இரவு. பாண்ட்டர்தூலைஸ் கேட்டில் போலீஸ் பதுங்கியிருந்தது. துப்பாக்கிச் சூடு. ரெபேக்கா வேஷத்திலிருந்த ஜான் ஹியூஸ் என்ற விவசாயி மகன் குண்டடிபட்டுப் பிடிபட்டான். இருபது வருஷம் தீவாந்தர சிட்சை. இன்றைய டாஸ்மேனியாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

அதே வாரம், கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஹென்டி கேட். காவல்காரி சாரா வில்லியம்ஸ், 75 வயதுக் கிழவி. சாவடிக்குத் தீ வைத்தார்கள். வீட்டுச் சாமானைக் காப்பாற்றப் பார்த்தவளைச் சுட்டார்கள். இறந்துபோனாள். உடம்பில் குண்டுகள் இருந்ததாக மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். உள்ளூர்க்காரர்கள் அடங்கிய மரண விசாரணை ஜூரி என்ன தீர்ப்பு சொன்னது தெரியுமா? ரத்தப்போக்கால் இறந்தாள், காரணம் தெரியவில்லை!

பயமா, விசுவாசமா, இரண்டுமா? டிரஸ்ட்டின் கணக்கில் அந்தக் கிழவி ஒரு கூலி ஆள். ரெபேக்காவின் கணக்கிலும் அவள் வரவில்லை.

*

1843 அக்டோபரில் அரசாங்கம் ஒரு விசாரணை கமிஷன் அனுப்பியது. தலைவர், தாமஸ் ஃப்ராங்க்லண்ட் லூயிஸ். ஊர் ஊராகப் போய் உட்கார்ந்தார்கள். விவசாயி, டிரஸ்டி, குத்தகைக்காரர், பாதிரியார் என்று எல்லோரிடமும் கேட்டார்கள். கேட்டை உடைப்பதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய காரியம், நூற்றுக்கணக்கான ராத்திரிகள் தாமதமாக நடந்தது. 1844 மார்ச்சில் அறிக்கை. மக்களின் குறைகள் உண்மையே என்றது.

அதே வருஷம் சட்டம் வந்தது. தெற்கு வேல்ஸின் ஆறு மாவட்டங்களில் சில்லறை டிரஸ்ட்டுகளை எல்லாம் இழுத்து மூடினார்கள். மாவட்டத்துக்கு ஒரு சாலை வாரியம். பழைய கடன்களை மதிப்பிட்டு, அரசாங்கக் கடன் கொடுத்து அடைத்தார்கள். ஒரே மாதிரியான சுங்கம். சுண்ணாம்புக்குப் பாதிக் கட்டணம்.

கவனியுங்கள், சுங்கம் ஒழியவில்லை. விவசாயி தொடர்ந்து காசு கொடுத்தான். ஆனால் கலகம் அடங்கிவிட்டது. ஏன்? கொடுக்கிற காசுக்கு ஒரு கணக்கு கிடைத்துவிட்டது. ஏலம் எடுத்தவனின் லாபத்துக்காக மூலைக்கு மூலை கேட் முளைப்பது நின்றுவிட்டது. ரோட்டுக்குக் காசு கொடுக்க மாட்டேன் என்று அவன் எப்போதும் சொல்லவில்லையே.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நிதானமாக நடந்தது. 1888 சட்டப்படி, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுண்டி கவுன்சில்கள் மறுவருஷம் பெரிய சாலைகளை எடுத்துக்கொண்டன. கிராமத்துச் சின்னச் சாலைகள் 1894ல் வந்த ஊரக மாவட்டக் கவுன்சில்களிடம் போய், 1930ல் அவையும் கவுண்டி கவுன்சில்களிடமே வந்து சேர்ந்தன. பழைய டர்ன்பைக் முறையின் கடைசி சுங்கம் வசூலான நாள் 1895 நவம்பர் 1. இடம், வேல்ஸின் ஆங்கிள்ஸி தீவு.

சுங்கத்தை ரத்து செய்த முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று சரித்திரத்தில் பட்டம் கிடைத்தது. அவன் ராஜா, ஒரு கட்டளையில் முடிந்துவிட்டது. ரெபேக்காவுக்கு ஐந்து வருஷம் பிடித்தது. ஜான் ஹியூஸுக்கு டாஸ்மேனியா கிடைத்தது. சாரா வில்லியம்ஸுக்கு, 'காரணம் தெரியவில்லை' என்ற ஒரு வரி கிடைத்தது.